திருவாதிரையை அளந்த பதினோரு ராத்திரி

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேகம். மார்கழி பாதியில்தான் வானம் திறந்தது, அன்றைக்கே நோட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். வேலை இதுதான்: திருவாதிரை என்கிற சிவப்பு நட்சத்திரத்தின் (ஆங்கிலத்தில் Betelgeuse) வெளிச்சத்தை வெறுங்கண்ணால் மதிப்பிட்டு எழுதி வைப்பது. 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் பொலிவெண் 1.6 வரை போனது (எண் கூடினால் வெளிச்சம் குறைவு, வழக்கமாக 0.5 பக்கம் இருக்கும்). அப்போது பார்க்காமல் விட்ட ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

முறை எளிது. ஒப்பிட இரண்டு நட்சத்திரங்கள். ஒரு பக்கம் ரோகிணி, பொலிவெண் சுமார் 0.9. இன்னொரு பக்கம் புரோசியான், 0.3 சொச்சம். இரண்டுக்கும் நடுவில் திருவாதிரை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் முதல் நாள் 0.1 வந்தது, மறுநாள் 0.6. ஒரே நாளில் அது அப்படி மாறாது, தப்பு என்னுடையதுதான். எட்டு மணிக்கே பார்த்ததால் புரோசியான் கிழக்கே தாழ்வாகக் கிடந்து மங்கித் தெரிந்திருக்கிறது. அதோடு, சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க அது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்துகொண்டே போகும். இப்போது பத்து மணிக்கு மேல்தான் போகிறேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன். மூன்றும் கலங்கிய வட்டங்களாகத் தெரியும், சட்சட்டென்று பார்வையை மாற்றி ஒப்பிட்டுவிடலாம். அப்புறம் எழுதிய ஒன்பதும் 0.5க்கும் 0.7க்கும் நடுவிலேயே நிற்கின்றன.

2020இல் மங்கியதற்குக் காரணம், அது தன் மேற்பரப்பிலிருந்து வாயுவைக் கக்கி, அந்த வாயு குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவே நின்றதுதான் என்று ஹபிள் தொலைநோக்கியின் பதிவுகளை வைத்துச் சொல்கிறார்கள். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து ஊதிப்போன நட்சத்திரம் அது. கடைசியில் மையம் இரும்பாகி, அதற்குமேல் எரிக்க எதுவும் இல்லாமல் சரிந்து, சூப்பர்நோவாவாக வெடிக்கும்.

நேற்று 10x50 பைனாகுலரைத் திருவாதிரையிலிருந்து மெல்ல இறக்கி, ஓரியன் என்கிற வேட்டைக்காரன் உருவத்தின் மூன்று நட்சத்திர இடுப்புப் பட்டையைத் தாண்டி ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தில் நிறுத்தினேன். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு வெளுப்பு, நடுவில் சில ஒளிப்புள்ளிகள். அங்கே வாயு தன் எடையிலேயே சுருங்கிச் சூடாகி இப்போதும் நட்சத்திரமாகிக்கொண்டிருக்கிறது. சாகப்போகிற திருவாதிரைக்கே வயது ஒரு கோடி ஆண்டு பக்கம்தான், நம் சூரியனுக்கோ 460 கோடி. எடை கூடினால் எரிபொருளும் கூடுதல்தான், ஆனால் எரிகிற வேகம் அதைவிடப் பல மடங்கு கூடிவிடுகிறது. படித்துத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் பைனாகுலரை ஒரு சாண் நகர்த்தியதில் பிறப்பையும் முடிவையும் சேர்த்துப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது, சுவரில் முட்டுக்கொடுத்துத்தான் பார்த்தேன்.

நேற்றைய பதிவு 0.6. சித்திரைக்கு அப்புறம் திருவாதிரை சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும், அதற்குள் முப்பது ராத்திரியாவது எழுதிவிட வேண்டும்.