கல்லறைத் திருநாள் வாரம்

அக்டோபர் 29, 2025 – கும்பகோணம்

அத்தை இறந்தபின் வரும் முதல் கல்லறைத் திருநாள். அவருக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளும்படி கோயிலில் பூசைக் கருத்து கொடுக்கலாமா என்று தரங்கம்பாடிக்குப் போன் செய்து மாமாவிடம் கேட்டேன். “வேண்டாம் என்று தடுக்கமாட்டேன் அம்மா. ஆனால் அவள் ஆண்டவரிடம் போய்விட்டாள். போய்ச் சேர்ந்தவளுக்கு எதற்கு வேண்டுதல்?” என்றார். குரலில் கோபம் இல்லை. நான் ஏன் கேட்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை.

நான் பூண்டி மாதா கோயில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் வீடு, அதாவது மாமா, அத்தை குடும்பம், தலைமுறைகளாக லுத்தர் வழிவந்த லுத்தரன் சபை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த வேறுபாடு எங்கள் வீட்டில் பேச்சாக வந்ததே இல்லை. ஒரு சாவு அதைக் கொண்டுவந்துவிட்டது.

அக்டோபர் 30

இந்த வாக்குவாதம் காவிரிக் கரைக்குப் புதியதல்ல. 1706-இல் லுத்தரன் ஊழியர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிறகு கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர், லுத்தரன் சபையாரை மறுத்து நூல்களே எழுதினார்.

நாங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்தது இது: இறந்ததும் ஆன்மாவுக்குத் தனித்தீர்வை, அதாவது அவரவர்க்கான தீர்ப்பு, உண்டு. தூயவர்கள் மோட்சத்துக்கும், சாவான பாவத்தோடு மனம் திரும்பாமல் இறந்தவர்கள் நரகத்துக்கும் போகிறார்கள். மீட்பு உறுதியாகியும் கறை மிச்சமிருப்பவர்களுக்கு, அது நீங்கித் தூய்மையாக, உத்தரிக்கிற ஸ்தலம். அங்கிருப்பவர்களுக்கு நம் வேண்டுதல் உதவும். ஆதாரமாகக் காட்டுவது மக்கபேயர் இரண்டாம் நூல், 12-ஆம் அதிகாரம். போரில் மாண்ட வீரர்களின் பாவம் தீர, யூதா மக்கபே காசு திரட்டி எருசலேமுக்குப் பலிக்கு அனுப்புகிறார். மாமாவின் வேதாகமத்தில் அந்த நூலே இல்லை. அவர் காட்டுவது சிலுவையில் தொங்கிய கள்ளனை. ‘இன்றைக்கு நீ என்னோடு பரதீசில் இருப்பாய்’ என்று இயேசு அவனிடம் சொன்ன பிறகு நடுவில் எதற்கு இன்னோர் இடம் என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் 1517 இருக்கிறது. பாவத் தண்டனைக்கான விலக்கைக் காசுக்கு விற்றதைத்தான் லுத்தர் எதிர்த்தார். எதிர்த்தது நியாயம், கத்தோலிக்கப் பெண்ணாகவே இதைச் சொல்கிறேன். காசோடு பிணைந்த அந்தச் சலுகைகளை 1567-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸே ரத்து செய்தார். ஆனால் இறந்தோருக்காக வேண்டும் வழக்கம் அந்த வியாபாரத்தைவிட மிகப் பழையது. எங்கே புதைத்தாலும் சரி, பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா கேட்டுக்கொண்டார். உத்தரிக்கிற ஸ்தலம் என்ற போதனையை ஏற்காத கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இறந்தோருக்காக மன்றாடுகிறார்கள்.

எங்கள் திருச்சபைக்குள்ளும் குழப்பம் இருந்திருக்கிறது. உலக முடிவில் வரும் இறுதித் தீர்வைக்குப் பிறகுதான் ஆன்மாக்கள் கடவுளை முழுமையாகக் காணும் என்று 1331-இல் போப்பாண்டவர் 22-ஆம் ஜான் பிரசங்கம் செய்து, பெரும் எதிர்ப்பு கிளம்பி, சாகுமுன் அதைக் கைவிட்டார். தூய்மை பெற்ற ஆன்மாக்கள் தீர்வை நாளுக்குக் காத்திராமல் கடவுளைக் காண்கின்றன என்று 1336-இல் அடுத்த போப்பாண்டவர் அறுதியிட்டார். போப்பாண்டவரே தடுமாறிய இடத்தில் பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போய், “அவர் எங்கே போனாரோ” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பர் 1 – தரங்கம்பாடி

கல்லறையைச் சுத்தம் செய்தோம். ஐப்பசி மழையில் அருகம்புல் கணுக்கணுவாக ஓடியிருந்தது. பிடுங்கினால் வேரோடு ஈர மணலும் வந்தது. பக்கத்துப் பழைய கல்லறைகளில் உப்புக் காற்று பட்டு சிலுவையின் முனை பொரிந்து, உள்ளிருக்கும் கம்பி துருவேறித் தெரிகிறது. மாமா சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து அத்தையின் கல்லறைக்குப் பூசினார். காய்ந்ததும் மறுபடி ஒருமுறை பூசினார். எழுத்துகளின் மேல் வழிந்ததை வேட்டி நுனியால் துடைத்தார்.

உத்தரிக்கிற ஸ்தலம் என்பது ஓர் இடமன்று, ஒரு நிலை என்று இரண்டாம் ஜான் பால் 1999-இல் விளக்கியதைச் சொன்னேன். “போப்பாண்டவரா அப்படிச் சொன்னார்?” என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்தார். விதைப்பது வெறும் விதை, முளைத்து வருவது வேறு மேனி. “நாற்றங்காலில் நெல்லைத் தெளித்துவிட்டு, ராத்திரி அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கிளறிப் பார்ப்போமா? அவர் எழுப்புவார். அது போதும் எனக்கு.”

உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் நானும்தான் சொல்கிறேன். சாவுக்கும் உயிர்ப்புக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி இரண்டு சபைகளும் சண்டையிட்ட அளவுக்கு இந்த வரியை யாரும் கொண்டாடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 2

காலையில் அத்தைக்காகப் பூசை கண்டேன். மாலையில் லுத்தரன் கல்லறைத் தோட்டத்தில் சபைப் போதகரான ஐயர் நன்றி ஜெபம் செய்தார். இரண்டிலும் முழு மனதோடு ‘ஆமென்’ சொன்னேன். மாமா தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

நவம்பர் 4

நாள் முழுக்க மழை. கும்பகோணம் திரும்பினேன்.

நவம்பர் 6 – அம்மா வீடு

அத்தைக்குப் பூசை கொடுத்ததைச் சொன்னதும் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “என் மூத்தவனுக்கு இதுவரைக்கும் யாரும் கொடுத்ததில்லை” என்றார்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோனான். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத் திட்டில் புதைத்தார்கள். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, வேதனை இல்லாத ஓர் ஓரத்தில் அவன் இருப்பான், கடவுளை மட்டும் காணமாட்டான் என்று அன்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். பால் கட்டிய மார்போடு கிடந்த பெண்ணிடம் இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது?

அந்த ஓரம் விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறுதியிடப்பட்டதில்லை. இறையியலாளர்களின் கருத்து அது. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இத்தகைய குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்பத் தக்க காரணங்கள் உண்டு என 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு எழுதியது. இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். “இதை ஏன் கோயிலில் ஒருநாளும் வாசிக்கவில்லை?” என்று கேட்டார்.

அந்தத் திட்டில் அண்ணனோடு வேறு பல குழந்தைகளும் இருக்கிறார்கள். இந்த வருடமும் சுவருக்கு உள்ளே இருக்கும் கல்லறைகளை மட்டும்தான் ஜெபம் சொல்லி மந்திரித்தார்கள். பங்குக் குருவான சாமியாரிடம் பேசிவிட்டேன், பங்குப் பேரவையில் வைக்கச் சொல்கிறார். திட்டையும் மந்திரிக்க வேண்டும், அங்கே ஒரு சிலுவை நடவேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து அம்மாவுடையது.