தைப்பூசக் காவடி, மழை, சின்னப் பிள்ளைகள்: ஒரு போர்ட் லூயி நாட்குறிப்பு

ஜனவரி 23, வெள்ளி

கொடியேறிவிட்டது. இன்று முதல் பத்தாம் நாள், பிப்ரவரி 1 ஞாயிறு, காவடி. 1835-ல் இந்த மொரீசியஸ் தீவில் அடிமைமுறை ஒழிந்த நாளும் பிப்ரவரி 1-தான். இந்த வருஷம், 2026-ல், இரண்டு விடுமுறையும் ஒரே ஞாயிறில் வருகின்றன.

தமிழ்நாட்டில் தை என்றால் பனி. மொரீசியஸில் தை என்றால் புழுக்கமும் மழையும், நடுநடுவே புயல் பயமும். கைக்குழந்தையையும் நாலு வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போர்ட் லூயி கைலாசம் கோவிலுக்கோ காத்ர் போர்ன் ஊர் மலைக் கோவிலுக்கோ போகிறவர்கள் இதை நினைத்துத்தான் நாளை வகுக்க வேண்டும். மழையில் நனைவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, இந்த மாசத்து மழை சுடாத வெந்நீர் மாதிரிதான் இருக்கும். நனைந்த துணியோடு காற்றில் நின்று காத்திருக்கும்போதுதான் பிள்ளை வாடும், அழும், ராத்திரி மூக்கடைக்கும். அதனால் குடையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, எங்கே எத்தனை நேரம் நிற்கப் போகிறோம் என்று கணக்குப் போடுவது மேல்.

ஆற்றங்கரையில் குளித்து, பூசை முடித்து, காவடி தூக்கிக் கோவில் சேர மூன்று நாலு மணி நேரம் எளிதாகப் போய்விடும். அதில் நடப்பதைவிட நிற்பது அதிகம். ஆறு வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கடைசி அரை மணி போதும். கோவில் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளலாம். நேர்த்திக்கடன் என்றால் குருக்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூசையிலும் சங்கல்பத்திலும் பிள்ளை இருந்துவிட்டு, நடுவழியில் அப்பாவோ மாமாவோ காவடியைத் தூக்கி, கடைசித் தெருவில் பிள்ளையின் தோளுக்கு மாற்றலாம்.

ஜனவரி 25, ஞாயிறு

சின்னக் காவடி கட்ட இன்றைக்கே உட்கார வேண்டும். சனிக்கிழமை ராத்திரி கட்டிய காவடி மழைக்குத் தாங்காது, முடிச்சு இறுகியிருக்காது.

தோள் கட்டை ஒன்றரை அடி நீளம், பிள்ளையின் இரண்டு தோளையும் தாண்டி நாலு விரல் நீண்டால் சரி. மேல் வளைவுக்கு மூங்கில் பிளாச்சு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் உடையாமல் வளையும், வளைத்துக் கட்டி நிழலில் காயவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். எல்லாம் சேர்ந்து, செம்பும் பாலும் உள்பட, ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. சமையலறைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். பூவும் துணியும் நனைந்தபின் எடை கூடும் என்பதால் காயும்போது முக்கால் கிலோவில் நிறுத்துவது நல்லது.

மழை நாளில் சொதப்புவது பெரும்பாலும் கிரேப் காகிதம். அழகாக இருக்கும், பத்து நிமிஷத் தூறலில் சாயம் ஒழுகிப் பிள்ளையின் கழுத்து, சட்டை, பால் செம்பு வரை ரோஸ் கலரில் வடியும். சாயம் போகாத சாட்டின் ரிப்பன், குருத்தோலை, செண்டுமல்லி, ஆந்தூரியம் போதும். ஆந்தூரியம் மழைக்கென்றே படைத்த பூ, தண்ணீர் அதன் மேல் நிற்காமல் உருண்டு போகும். மயிற்பீலி நனைந்தால் இழைகள் ஒட்டிக் குச்சிபோல ஆகிவிடும். மூன்று நாலு பீலி மட்டும் செருகி, தெளிந்த பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக் கட்டி, கோவில் வாசலில் உருவிவிடலாம்.

கம்பி கட்டினால் வெட்டிய முனையை உள்பக்கம் மடக்கி, மேலே துணி நாடா சுற்ற வேண்டும். கட்டி முடித்ததும் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தோள் கட்டையை விரலால் தடவிப் பார்க்கட்டும். பிள்ளையின் கழுத்தைக் கீறப்போகும் முனை அப்போதுதான் கையில் குத்தும். தோளுக்கு அண்டை கொடுக்கத் துண்டை மடித்து வைப்பது வழக்கம். மழையில் துண்டு தண்ணீரைக் குடித்துக் கனக்கும், தேய்க்கும். யோகா பாயிலிருந்து ஒரு கீற்று வெட்டி, மெல்லிய பருத்தித் துணியால் சுற்றினால் நனையவும் நனையாது, வழுக்கவும் வழுக்காது.

ஜனவரி 28, புதன்

துணி. ரோஸ் நிறப் புதுத்துணி வாங்கியவர்கள் இன்றே தண்ணீரில் ஊறவைத்து அலசிவிடுங்கள். சாயம் நின்றதா என்று வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கித் தேய்த்துப் பார்த்தால் தெரியும். சின்னப் பெண்களின் பாவாடையைக் கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே ஏற்றித் தையுங்கள், தரையைத் தொடும் ஓரம் தெருத் தண்ணீரை முழங்கால் வரை உறிஞ்சும். பையன்களுக்கு இடுப்பில் ஒட்டும் வேட்டிதான் சரி. கட்டின வேட்டி நனைந்ததும் இறங்கும்.

ஒரு பிள்ளைக்கு மாற்றுத்துணி இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும், ஜட்டி உள்பட, தனித்தனி ஜிப் பையில். உலர்ந்ததை எடுத்த பையிலேயே ஈரத்தைப் போட்டு மூடிவிட்டால், ஒரு துணி நனைந்து பை முழுக்க நனைகிற கதை நடக்காது.

மழைக்கோட்டு பற்றி ஒரு வார்த்தை. பட்டன் போட்ட பிளாஸ்டிக் கோட்டுக்குள் பிள்ளை கால் மணி நேரத்தில் வேர்த்துக் குளித்துவிடும், வெளியே மழை, உள்ளே வேர்வை, இரண்டும் ஒன்றுதான். பக்கம் திறந்த, முழங்கால் வரை தொங்கும் போர்வை மாதிரியான கோட்டு வாங்குங்கள். கூட்டத்தில் குடை வேண்டாம். பெரியவர் பிடிக்கும் குடையின் கம்பி முனை, தோளில் உட்கார்ந்திருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கும். தள்ளுவண்டியும் வேண்டாம், கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காவடி எடுக்கும் பிள்ளை வெறுங்காலோடுதான் நடக்கும். வெயில் என்றால் தார் ரோடு சுடும், முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள். மழை என்றால் சூடு இல்லை, ஆனால் பாதசாரிக் கோடுகளின் வெள்ளைப் பெயின்ட்டும் சாக்கடை இரும்பு மூடியும் சோப்புப் போட்டது போல வழுக்கும். அந்த இரண்டையும் தாண்டும்போது பிள்ளையின் முழங்கையைப் பிடியுங்கள், கையைப் பிடித்தால் காவடி சாயும். கூட வரும் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்வார் உள்ள செருப்பு. சவாத், அதாவது பின்வார் இல்லாத ரப்பர் செருப்பு, கூட்டத்தில் கழன்று போனால் குனிந்து தேட முடியாது.

ஜனவரி 31, சனி

வக்வா வானிலை நிலையத்தின் அறிக்கையை இன்று மாலையும் நாளை விடியலிலும் பாருங்கள். புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் ஆபத்தை வைத்துத்தான் அந்த வகுப்புகள் ஏறுகின்றன. வகுப்பு 1 அறிவித்தாலே சின்னப் பிள்ளைகளைத் தொலைவான கோவிலுக்குக் கூட்டிப் போகும் திட்டத்தைக் கைவிட்டு, பக்கத்துக் கோவிலில் தரிசனம் செய்துகொள்ளலாம். முருகன் எங்கும் ஒருவன்தான்.

எச்சரிக்கை எதுவும் இல்லாத மழைக்கு வேறு கணக்கு. கியூர்பிப், வக்வா மேட்டு நிலம், அங்கே தூறாத நாள் குறைவு. போர்ட் லூயி மோக்கா மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் மேலே கொட்டும்போதும் கீழே காய்ந்திருக்கலாம். வீட்டு ஜன்னலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கோவில் பக்கம் இருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

போர்ட் லூயியில் கனமழை பிடித்தால் மறக்கக் கூடாதது ஒன்று. 2013 மார்ச் 30 அன்று இரண்டு மணி நேரத்துக்குள் பெய்த மழையில் நகரத்தில் 11 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் சிலர் கீழே இறங்கும் சுரங்க நடைபாதையில் சிக்கியவர்கள். மலை அருகில், கடல் எதிரில், நடுவே நகரம். தண்ணீர் ஓடிப் போக நேரமே இல்லாமல் வந்து சேரும். ஒதுங்க வேண்டுமானால் மேலே ஏறுங்கள், படி, மாடி, மேடை எதுவானாலும் சரி. சுரங்கப்பாதை, தரைக்குக் கீழே உள்ள கார் நிறுத்தம், கால்வாய் ஓரம் இந்த மூன்றிலும் பிள்ளைகளோடு ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள்.

பிள்ளையின் கையில் பேனாவால் எழுதிய போன் நம்பர் மழையில் அழியும். துணி நாடாவில் எழுதிக் கழுத்துப் பட்டியின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் 114, போலீஸ் 999.

பிப்ரவரி 1, ஞாயிறு

விடியற்காலை 4 மணி. செம்பைப் பார்க்கும் நேரம் இது.

பால் திரிந்தால் விரதத்தில் குறை என்று பெரியவர்கள் மனசு நோவார்கள், பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று அழும். பிள்ளை அழ வேண்டியதே இல்லை, பல நேரம் காரணம் புளி. பித்தளைச் செம்பைப் பளிச்சென்று புளி போட்டுத் தேய்த்து, ஒரு தடவை மட்டும் அலசிவிட்டால் கழுத்து மடிப்பில் புளிப்பு தங்கும். பால் அதில் பட்டதும் திரியத் தொடங்கும். மூன்று தடவை அலசி, கடைசியில் கொதிநீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, கவிழ்த்துக் காயவிட வேண்டும். அடுத்த காரணம் சூடு. காய்ச்சின பாலை ஆறாமல் ஊற்றி வாயைக் கட்டினால் நாலு மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து கெடும். முழுக்க ஆறின பிறகே ஊற்றுங்கள், கழுத்துக்கு மூன்று விரல் கீழே நிறுத்துங்கள். சின்னப் பிள்ளையின் செம்புக்குக் கால் லிட்டர் போதும்.

வாழையிலையை அனலில் வாட்டினால் கிழியாது. இரண்டு அடுக்கு வைத்து, மஞ்சள் துணி போட்டு, கழுத்தில் நூலை ஏழெட்டுச் சுற்று சுற்றி முடிச்சிடுங்கள். மழையில் அந்த இலையின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கும், மேலே பூச்சாறும் தெருத் தூசியும் கலந்திருக்கும். கோவிலில் அவிழ்க்கும்போது அவசரத்தில் அப்படியே இலையைத் தூக்கினால் அவ்வளவும் பாலுக்குள் போகும். முதலில் குழித் தண்ணீரை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு நூலை அவிழ்க்க வேண்டும்.

அலகு குத்தும் இடத்துக்கு ஐந்து வயசுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வழியில் ஒரு திருப்பத்தில் நின்று, நடந்து வருகிறவர்களைப் பார்க்கட்டும். நாக்கில் வேல், உடம்பில் எலுமிச்சம்பழம், ஆணிச் செருப்பு எல்லாம் வரும் என்று முந்தின நாளே சொல்லி வைத்தால் மிரளாது, கேள்விதான் கேட்கும். அருள் வந்து ஆடுகிறவர்களிடமிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள், அவர்களுக்குக் கீழே நிற்கும் பிள்ளை கண்ணில் படாது.

பாலாபிஷேகம் முடிந்ததும் முதல் வேலை துணி மாற்றுவது, சாப்பாட்டு வரிசை அதற்கப்புறம். தலை, காது மடல், விரல் இடுக்கு மூன்றையும் துடைத்து, உலர்ந்த துணி போட்டுவிட்டுப் பந்தலில் உட்காருங்கள். ஈரத் தரையில் மடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று. கோவில் சாப்பாட்டின் ஏழு கறியில் பூசணியும் பருப்பும் பிள்ளைக்கு முதலில், வாழைக்காய் அடுத்து. ரசம் கொதிக்கக் கொதிக்க வரும், இலையில் ஓடித் தொடையில் விழும். சின்னப் பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் வழியில் விக்டோரியா நிலையத்தில் மெட்ரோ ஏறுகிறவர்கள் இரண்டாவது ஜோடித் துணியை அங்கேயே எடுத்துவிடுங்கள். வண்டிக்குள் ஏசி. ஆற்றுத் தண்ணீரும் மழையும் தராத நடுக்கம், ஈரத்தோடு அந்தக் குளிரில் உட்கார்ந்து கியூர்பிப் போனால் வரும்.

பிப்ரவரி 2, திங்கள்

மயிற்பீலியைத் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள், வெயிலில் வைத்தால் நிறம் மங்கும். மூங்கில் வளைவைப் பிரித்துக் காயவைக்காமல் உள்ளே வைத்தால் அடுத்த வருஷம் பூஞ்சை. காவடித் தண்ணீர் தேங்கிய வாளி, தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். போன வருஷம் சிக்குன்குனியா இந்தத் தீவிலும் பக்கத்து ரியூனியனிலும் பரவியது, அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும், சுத்தமான தண்ணீரில் முட்டையிடும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மகா சிவராத்திரி. பக்தர்கள் நடந்து போகும் புனித ஏரியான கிராண்ட் பாசின் மேட்டில் பனிமூட்டமும் குளிரும் இருக்கும், கம்பளிச் சட்டை தேவை. மூன்று வயசுக்குக் கீழே ராத்திரி நடை வேண்டாம், பகலில் வண்டியில் போய் வந்துவிடலாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சீனப் புத்தாண்டு. பிள்ளைகளைப் போர்ட் லூயி சைனாடவுனுக்குக் கூட்டிப் போகிறவர்கள் சிங்க ஆட்டத்துக்காகத்தான் போகிறார்கள். ரூ ரோயால் தெருவில் கடை வராந்தாக்கள் இருப்பதால் மழைக்கு ஒதுங்க இடம் உண்டு. மத்தளமும் பட்டாசும் சுவரில் பட்டு இரட்டிப்பாகக் கேட்கும். இரண்டு வயசுக்குக் கீழே என்றால் காது மூடி கட்டாயம், இல்லாவிட்டால் தெரு முனையிலேயே நின்றுகொள்ளுங்கள்.

ஈரப் பட்டாசைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மழையில் சரத்தின் நடுவே சில வெடிக்காமல் அறுந்து விழும், சிவப்புக் காகிதக் குப்பைக்குள் முழுசாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அது பொறுக்கத் தோன்றும் பொருள். உள்ளே கனல் இருந்தால் கையில் எடுத்தபிறகு வெடிக்கும். குப்பையில் கால் வைக்கவோ கை வைக்கவோ விடாதீர்கள். யாராவது ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் கீழே போட்டு மிதிக்காமல், ஒரு வாளித் தண்ணீருக்குள் போடச் சொல்லுங்கள்.

பசித்தால் மத்திய சந்தைப் பக்கம் தால் பூரி. ஒரு ஜோடி, மிளகாய் இல்லாமல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கறி மட்டும் தடவித் தருவார்கள். ஆலூதா என்ற பால் பானத்தை ஐஸ் போடாமல் கேட்கலாம். தெரிந்த சீனக் குடும்பம் கொடுத்தனுப்பும் மெழுகுக் கேக்கை, அதாவது ஒட்டும் அரிசிமாவுக் கேக்கை, சின்னப் பிள்ளைக்கு அப்படியே நீட்ட வேண்டாம், பசை மாதிரி தொண்டையில் ஒட்டும். சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கி, ஒன்று விழுங்கிய பிறகு அடுத்தது.