பதினெட்டு மணி நாற்பது நிமிடம்

பிப்ரவரி 6

தங்கைக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. ஒன்பதாம் தேதி இரவு, நியூயார்க்கிலிருந்து நேராக சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். நடுவில் எங்கும் இறங்காது.

பிப்ரவரி 7

"சின்னவ எவ்வளவு தூரத்துலேருந்து வர்றா?" அப்பா கேட்டார். 15,300 சொச்சம் கிலோமீட்டர் என்றேன். "எப்படி?" மூச்சு வாங்குகிறது, ஆனாலும் விடை மட்டும் போதாது அவருக்கு, வழியும் வேண்டும்.

மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே சொன்னேன். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கே 74 பாகை, சாங்கி கிழக்கே 104. கூட்டினால் 178. பூமி உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். அதனால் மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டிப் போகும். அங்கிருந்து துருவத்துக்கு 49 பாகைக்குச் சற்று மேலே, துருவத்திலிருந்து இங்கே 89க்குச் சற்றுக் கீழே. ஆக 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் வைத்தால் 15,318.

கண்ணை மூடிக்கொண்டே, "111 இல்ல, 111.2 போடு" என்றார்.

போட்டேன். 15,345. புத்தகக் கணக்குக்கு மிக அருகில். வெளியே வந்து வராந்தாவில் அழுதேன்.

பிப்ரவரி 8

மணிக்கு 900 என்றால் பதினேழு மணி நேரம். அட்டவணையில் பதினெட்டு மணி நாற்பது நிமிடம். ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது, காற்று, எல்லாம் அந்த மிச்சத்தில். ஆனால் அவள் வீட்டிலிருந்து கிளம்பும் நேரம்? இமிகிரேஷன் வரிசை? அங்கிருந்து இந்தக் கட்டிலுக்கு டாக்ஸி? அதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

பிப்ரவரி 9

டாக்டர் "பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான்.

பதின்மூன்று மணி நேர வித்தியாசம். அங்கே ஒன்பதாம் தேதி இரவு பத்தரை, இங்கே பத்தாம் தேதி காலை பதினொன்றரை. பதினொன்றாம் தேதி காலை ஆறு பத்துக்கு இறங்குகிறாள். பத்தாம் தேதி அவளுக்கு வானத்திலேயே கழிந்துவிடும். எனக்கு இங்கே நிமிடம் நிமிடமாக.

பிப்ரவரி 10, பகல் 11.52

கிளம்பிவிட்டது.

பிப்ரவரி 10, பிற்பகல்

விமானம் போகும் பாதையை வரைபடத்தில் பார்க்கிறேன். துருவப் பக்கமே போகவில்லை! அட்லாண்டிக்கின் மேல் கிழக்கே போகிறது. பதறிவிட்டேன். பிறகுதான் புரிந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும் காற்று, குளிர்காலத்தில் இன்னும் வேகம். அதைப் பின்னால் வாங்கிக்கொண்டால் தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப என் கணக்கு?" என்றார். உங்கள் கணக்கு சரிதான் அப்பா, காற்றுதான் வேறு என்றேன்.

பிப்ரவரி 10, மூன்று மணி

நடுக்கடலில் சிக்னல் இல்லை. வரைபடத்தில் தெரிவது உத்தேச இடம்தான். அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11, அதிகாலை 3.40

வங்காள விரிகுடா. இன்னும் இரண்டரை மணி நேரம். இரவு முழுக்க அப்பா எதுவும் கேட்கவில்லை. ஆக்ஸிஜனைக் கூட்டியிருக்கிறார்கள்.

4.55

அந்தமான் கடல். ஆயிரம் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டாள். காதோரம் குனிந்து சொன்னேன். இமை அசைந்தது.

"மணி என்ன?"