இதழின் பெயர் யார் கையில்?

ஆய்விதழ் ஆசிரியர் குழுவில் சேர அழைப்பு வந்தால் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதழின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை. மதிப்பூதியம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

2015-இல் 'லிங்குவா' மொழியியல் இதழின் ஆசிரியர்கள், கட்டுரை வெளியிட வாங்கும் கட்டணத்தைக் குறைத்துத் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும் முறைக்கு, மாறச் சொன்னார்கள். இதழை வெளியிட்ட எல்செவியர் பதிப்பகம் மறுத்தது. குழு மொத்தமாக விலகி 'க்ளோசா' என்ற புதிய இதழைத் தொடங்கியது. ஆனால் பழைய பெயரும் அதன் தாக்கக் காரணியும் (கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை வைத்து இதழுக்குத் தரும் மதிப்பெண்) நிறுவனத்திடமே நின்றுவிட்டன. 2023-இல் எல்செவியரின் மூளைப் படிம ஆய்விதழான 'நியூரோஇமேஜ்' ஆசிரியர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் விலகியதும் இதே வழிதான். அங்கே அப்போது ஒரு கட்டுரைக்குக் கட்டணம் 3,450 டாலராக இருந்தது.

வாசகரோ நூலகமோ பணம் கட்டும் சந்தா முறையில் கட்டுரையை நிராகரித்தால் பதிப்பகத்துக்கு நேரடி நட்டமில்லை. கட்டுரை எழுதியவர் தரப்பு பணம் கட்டும் கட்டுரைக் கட்டண முறையில் ஒவ்வொரு நிராகரிப்பும் வருமான இழப்பு. 'இந்தக் காலாண்டில் ஏற்பு குறைவு', 'இன்னும் நான்கு சிறப்பிதழ் போடலாமே' என்று பதிப்பகத்திடமிருந்து ஆசிரியருக்கு மின்னஞ்சல் வரத் தொடங்கும். சிறப்பிதழ்தான் பலவீனமான கதவு. விருந்தினர் ஆசிரியரே மதிப்பாய்வாளர்களைத் தேர்ந்தெடுப்பார், தலைமை ஆசிரியர் பெயருக்குத்தான். 2021-இல் வைலி பதிப்பகம் 298 மில்லியன் டாலருக்கு வாங்கிய ஹிந்தாவி பதிப்பகம், 2023-இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. (இதற்குப் பிறகும் சிலர் சிறப்பிதழ் அழைப்பைப் பெருமையாகப் பகிர்கிறார்கள்!)

கட்டணத் தள்ளுபடிக் கோரிக்கை ஆசிரியர் மேசைக்கே வரக்கூடாது. யார் பணம் கட்டுவார் என்பது முடிவெடுப்பவர் கண்ணில் படவே கூடாது. ஏற்பு எண்ணிக்கைக்கு இலக்கு வைக்கும் வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஆசிரியரை எந்தக் காரணத்துக்கு நீக்கலாம், யார் நீக்கலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஆய்வாளர் சங்கம் நடத்தும் இதழ் என்றால் பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்து, பதிப்பகத்துக்கு ஐந்தாண்டு உரிமம் மட்டும் கொடுங்கள்.