முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஊரில்

வேலை எப்போது முடியும் என்று நான் தேதி சொன்னதும், குழுவில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண், “இந்தத் தேதிக்கு முடியாது, எதை வைத்து இப்படிச் சொல்கிறாய்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். சுருக்கென்றது. சுற்றி இருந்தவர்கள் யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணே வந்து, காபி வேண்டுமா என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

நான் இப்போது நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குகிறேன். கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு சமூக உளவியலாளர், அதிகார ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு தூரம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் ஆய்வு செய்தார். எண் கூடக் கூட ஏற்றுக்கொள்வதும் கூடுதல் என்று அர்த்தம்; அந்தக் குறியீட்டில் இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38. இங்கே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தாலே அது கண்ணுக்குத் தெரியும். புதன்கிழமை பிள்ளைகளோடு இருக்கும் நாள் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்றைக்கு மீட்டிங் கிடையாது, அவ்வளவுதான்.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மனசில் என்ன இருக்கிறது என்று துப்பறிய வேண்டியதில்லை, முடியாது என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், திட்டத்தையும் அன்றைக்கே மாற்றிவிடலாம். பதிலுக்கு அவர்கள் எதிர்பார்ப்பது காரணம். அதனால் எந்த முடிவைச் சொன்னாலும் ஏன் என்பதை முதலில் சொல்கிறேன், அனுபவம் குறைந்தவரை முதலில் பேச விட்டு நான் கடைசியில் பேசுகிறேன். பாராட்டும்போதும் பொதுவாக “சூப்பர்” என்றால் இங்கே யாருக்கும் ஒட்டுவதில்லை, எந்த வேலையில் எது நன்றாக இருந்தது என்று சொன்னால்தான் முகம் மலர்கிறது.

பழகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சென்னைக் குழுவோடு அழைப்பில் உட்கார்ந்தால் மனசு அங்கே போய்விடுகிறது. அங்கே வேலை பார்த்த காலத்தில் உண்மையான கூட்டம் கீழே டீக்கடையில்தான் நடக்கும். மேலே எல்லோரும் “சரி சார்” என்பார்கள், கிளாஸைக் கையில் வாங்கியதும் “இதெல்லாம் நடக்கிற காரியமா” என்று ஆரம்பிப்பார்கள். என் பழைய மேலாளர் கூடவே இறங்கி வருவார், எல்லோருக்கும் காசு கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்பார். மறுநாள் தேதி மாறியிருக்கும், யார் சொல்லி மாறியது என்ற பேச்சே எழாது. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

குளிர்காலத்தில் இங்கே காலை 9 மணி என்றால் அங்கே பகல் 1.30. “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் அந்தப் பக்கம் ஒரே நிசப்தம். “இதில் எது முதலில் சொதப்பும்?” என்று கேட்டால் ஒவ்வொருவராக வாய் திறக்கிறார்கள், ஏனென்றால் அப்போது யாரும் என்னை மறுத்துப் பேச வேண்டியதில்லை. அப்படியும் ஒரு தம்பி மட்டும் அழைப்பில் தலையாட்டிவிட்டு, அப்புறம் தனியாக மெசேஜ் அனுப்புவான். எல்லோர் முன்னாலும் சொல் என்று நான் அவனை நெருக்குவதில்லை. அழைப்பு முடிந்ததும் போன் போட்டு, “சாப்பிட்டியா?” என்று தொடங்குகிறேன். போன முறை, சோதனைக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது என்று அவன்தான் சொன்னான், அன்று மாலையே திட்டத்தைத் திருத்தினோம்.