46 எப்படி 49 ஆனது

எங்கள் யாழ். மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் மலருக்குக் கட்டுரை கேட்டதும், "1816இல் ஆரம்பிக்கப்பட்ட எமது கல்லூரி" என்று எழுதத்தான் கை போனது. வெஸ்லியன் மிஷன், 1834இல் பொறுப்பேற்ற பேர்சிவல் பாதிரியார், அவரிடம் படித்து அங்கேயே படிப்பித்து, பைபிள் மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் என்று எல்லா மலரிலும் இருக்கிறதுதான். சைவத்துக்காக ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்தவர் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், பெருமையும்தான்.

எழுபதுகளில் நாங்கள் படித்தபோது யாழ். மத்திய கல்லூரி அரசாங்கப் பாடசாலை. உதவி பெற்ற பள்ளிக்கூடங்களை அரசு எடுத்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மிஷன் காலம் முடிந்திருந்தது. உயர்தர வகுப்பில், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் புள்ளிகளைச் சரிக்கட்டும் தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு என்று மாஸ்டர்மார் பயமுறுத்த, பள்ளி விட்டதும் பொது நூலகத்துக்கு நடப்போம். படித்ததில் பாதி அங்கேதான். 1981இல் அதுவும் எரிந்தது. கோட்டை பக்கத்தில் இருந்ததால் பிறகு வந்த சண்டையில் எங்கள் கட்டடங்கள் பட்ட பாட்டை வேறு யாராவது எழுதட்டும்.

விளையாட்டு என்றால் எங்கள் பள்ளியில் படித்த எதிர்வீரசிங்கம். ஹெல்சிங்கி, மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போய், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர். நான் பாய்ந்தால் கோலும் கூடவே விழும். "நீ போய் ஸ்கோர் போர்டில் நில்" என்றார் மாஸ்டர்.

அப்படித்தான் எட்டாம் வகுப்பில் பிக் மட்சுக்கு ஸ்கோர் போர்டு என் பொறுப்பானது. பரியோவான் (சென்ட் ஜோன்ஸ்) கல்லூரியோடு 1904இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி. கறுப்புப் பலகையில் ஆணிகள். வெள்ளைப் பெயின்றில் இலக்கம் எழுதிய தகரங்கள். 6க்கும் 9க்கும் ஒரே தகரம், மேலும் கீழும் துளை. யாரோ சிக்கனக்காரர் செய்த வேலை.

எங்கள் அண்ணை ஒருவர் 46இல் நிற்கிறார். பக்கத்தில் பாண்ட் அடிக்கிறது, பெடியள் கொடியோடு ஆடுகிறார்கள். நானும் ஆடிக்கொண்டே 6ஐத் தலைகீழாக மாட்டிவிட்டேன். பலகையில் 49. அடுத்த பந்தில் ஒரு ஓட்டம். நான் பழக்கதோஷத்தில் 50 மாட்ட, பத்துப் பதினைந்து பேர் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். ஒருவர் கையில் மாலை. அண்ணையும் மட்டையைத் தூக்கிக் காட்டினார். நடுவர், ஸ்கோரர்மார் கூடிப் பேசி எல்லாரையும் வெளியே அனுப்ப, நான் 47ஐத் தேடி மாட்டினேன். மாலை கழுத்தில் விழுந்த எரிச்சலோ என்னவோ, அடுத்த ஓவரில் அண்ணை போல்ட். போகும்போது பெவிலியனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

அவர் இப்போது இங்கே ரொறன்ரோவில், இதே சங்கத்தில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மார்ச்சிலும் யாழ்ப்பாணத்தில் ஆட்டம் தொடங்கும்போது இங்கே நள்ளிரவு ஆகிவிடும். தன் போனிலேயே ஸ்கோர் பார்க்கலாம், ஆனாலும் எனக்குத்தான் போன் அடிப்பார்.

"தம்பி, எவ்வளவு? போனை நேராப் பிடிச்சுப் பார்த்துச் சொல்லு."