754 வெள்ளி என்னும் சராசரி

சென்ற செப்டம்பரில், மலாயாப் பல்கலைக்கழக விடுதியில் இரண்டாம் ஆண்டுக்கு இடம் இல்லை என்று தங்கைக்குச் செய்தி வந்த அன்று, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அறைக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்டபோது, கைப்பேசியில் பார்த்ததை வைத்து, "சராசரியாக எழுநூறு, எழுநூற்றைம்பது வரும்பா" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அந்தச் சராசரியை நம்பி அவருக்குப் பதில் சொன்னது பிழை என்பது, தங்கையும் நானும் இ.டி.எஸ். ரயிலேறிக் கோலாலம்பூர் போய் மூன்று நாள் அலைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பல்கலைக்கழகம் லெம்பா பந்தாயில், கோலாலம்பூரும் பெட்டாலிங் ஜெயாவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கெரிஞ்சியும் பந்தாய் டாலாமும், மறுபக்கம் பெட்டாலிங் ஜெயாவின் 17ஆம் பிரிவு. இடையில் பங்சார் சவுத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். நடந்துபோகும் தூரத்திற்குள்ளேயே பழைய அடுக்குமாடி வீடும் நீச்சல் குளம் உள்ள கொண்டோமினியமும் நிற்பதால், இங்கே வாடகை தெருவுக்குத் தெரு மாறுகிறது. நாங்கள் நேரில் பார்த்த 7 அறைகளின் மாத வாடகையை வெள்ளியில், அதாவது மலேசிய ரிங்கிட்டில், தங்கை தன் நோட்டில் எழுதி வைத்தாள்: 480, 550, 600, 650, 750, 900, 1,350. கூட்டி ஏழால் வகுத்தால் 754 வெள்ளி வருகிறது. குளியலறையோடு சேர்ந்த அந்த 1,350 வெள்ளி மாஸ்டர் ரூமை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 655 ஆகிவிடுகிறது. எங்களைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்கவும் தேவையில்லாத ஒரே அறை, எங்கள் சராசரியில் நூறு வெள்ளியை ஏற்றிவிட்டிருந்தது. எல்லாவற்றிலும் மலிவான 480 வெள்ளி அறையோ, கூடத்தைப் பலகையால் தடுத்துப் பிரித்த, சன்னல் இல்லாத இடம். அதில் ஒரு பெண்பிள்ளையை விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை.

இவை நாங்கள் உள்ளே போய்ப் பார்க்க முடிந்த அறைகள். பார்க்க முடியாமலே போனவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. எழுதாதவர்களில் ஒருவர் தொலைபேசியில் இனிமையாகப் பேசி, மறுநாள் காலை வந்து பார்க்கச் சொல்லி, பிறகு பெயரைக் கேட்டார்; தங்கையின் பெயரைச் சொன்னதும் அறை போய்விட்டது என்றார். இரண்டு நாள் கழித்தும் அதே விளம்பரம் அதே படங்களோடு அங்கேயே இருந்தது. என் தங்கை பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வுக்குத் தெருவிளக்கு அணையும்வரை படித்த பெண். அந்த அழைப்புக்குப் பிறகு எல்.ஆர்.டி. நகர ரயில் நிலையத்துப் படியில் உட்கார்ந்து, "அண்ணா, அடுத்த இடத்துக்கு நீங்களே பேசுங்கள், ஆனால் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்" என்றாள். சராசரி என்று நமக்குக் காட்டப்படும் எண்ணில் இப்படி மூடிக்கிடக்கும் கதவுகளின் வாடகையும் சேர்ந்தே இருக்கிறது. அரசியலமைப்பின் 8ஆவது விதி சமத்துவத்தைப் பேசினாலும், அது தனியார் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்துவதாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு வாடகைக்கென்றே தனிச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. வருகிற சட்டத்தில் இந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்து, முன்பணம். மாத வாடகையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுகிற தோட்டத்துக் குடும்பம் தடுமாறுவது இங்கேதான். வழக்கமாக இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகையைத் தண்ணீர், மின்சாரத்திற்கான வைப்புத்தொகையாகவும், முதல் மாத வாடகையை முன்கூட்டியும் கேட்கிறார்கள். 650 வெள்ளி அறைக்கு இது 1,300, 325, 650 என்று சேர்ந்து 2,275 வெள்ளியாகிறது. 2025 முதல் நடப்பில் இருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் வரும் என்றாலும், அது பருவம் தொடங்கிய பிறகே கைக்கு வரும். வீட்டுக்காரருக்கு அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தின் முத்திரை வரி மட்டும் பெரிய சுமையில்லை: ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்திற்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி வீதம் இந்த அறைக்கு 32 வெள்ளிதான் வருகிறது. அதைச் செலுத்திவிடுவதே நல்லது, ஏனென்றால் வைப்புத்தொகை திரும்பி வராமல் வழக்கு என்று போக நேர்ந்தால் முத்திரையிட்ட ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகையை, வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் கேட்கலாம்.

மூன்றாம் நாள் நாங்கள் பல்கலைக்கழக வாசலை விட்டு விலகித் தேட ஆரம்பித்தோம். குடிமக்களுக்கான மை50 அட்டை 50 வெள்ளிக்கு 30 நாள் எல்.ஆர்.டி.யிலும் ரேப்பிட் கேஎல் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர இடம் கொடுக்கிறது. யுனிவர்சிட்டி நிலையத்திலிருந்து ஐந்தாவது நிலையம் கிளானா ஜெயா. அந்தப் பக்கத்தில், வீட்டின் பின்கட்டில், சன்னலும் மின்விசிறியும் உள்ள அறை ஒன்று 500 வெள்ளிக்குக் கிடைத்தது. பயணத்தையும் சேர்த்தால் 550. வாசலருகே பார்த்த 650 வெள்ளி அறையோடு ஒப்பிட்டால் மாதம் 100 வெள்ளி மிச்சம், முன்பணத்திலோ 525 வெள்ளி குறைவு. இரவு நூலகத்திலிருந்து திரும்பும் நேரம் அவளுக்கு நீண்டுவிட்டது உண்மைதான். அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் ரயிலேறினால் எனக்கு அழைத்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.

வீட்டுக்கார அம்மா, அவரும் பினாங்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், 1,750 வெள்ளி முன்பணத்தை மூன்று தவணையாகக் கொடுக்கச் சம்மதித்தார். நாங்கள் கேட்டதனால்தான் சம்மதித்தார். கேட்கக் கூச்சப்பட்டு முதல் இரண்டு நாள் நான் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்திட்ட ரசீது தந்தார். சுவரிலிருந்த ஈரக்கறை, உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் குடிபோகும் அன்றே படமெடுத்து அவருக்கும் அனுப்பிவைத்தோம். தங்கையின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஏழு அறைகளின் வாடகையும், மின்சாரம் அதில் சேர்ந்ததா இல்லையா என்பதும், நிலையத்திலிருந்து நடந்த நிமிடங்களும் அதில் உள்ளன. வருகிற ஆண்டு பிள்ளையை லெம்பா பந்தாய்க்கு அனுப்பும் சுங்கை சிப்புட் பெற்றோர் யாராக இருந்தாலும் கேளுங்கள், படியெடுத்துத் தருகிறேன்.